ஆடுவோரும் ஆட்டுவிப்போரும்

நாடகமோ நாட்டியமோ கற்று, அதனையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர் ஒருவர் தம் விருப்பத்தை வீட்டில் வெளியிட்டால், முதலில் எழும் வினா ஒன்றே: "அது சோறு போடுமா?" கலையின் அருமை அறியாதார் கேட்கும் கேள்வி இது என்று எள்ளி நகைப்பாரும் உளர். நான் நகைப்பதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து, பள்ளி கல்லூரி மாணவர்க்கு நாடகப் பயிற்சி அளிப்பதிலேயே என் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். திறமை மிக்க பிள்ளைகள் சிலர் சோற்றுக் கவலையால் மேடையை விட்டு விலகியதைக் கண்டிருக்கிறேன். ஆதலின் அக் கேள்விக்கு நேரான விடை தேடுவது நம் கடமையாகும்.

மேடைக் கலைஞர் என்றதும் நடிப்பவரும் ஆடுபவருமே நம் நினைவுக்கு வருவர். மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் மேடைக்கு வருவதில்லை. ஆனால் மேடையில் உள்ளோர் நிற்பதும் நடப்பதும் விழுவதும் எழுவதும் அவர் வகுத்தபடியே நிகழும். மேனாட்டு நாடக அரங்குகளில் இதற்கெனத் தனிப் பதவியே உண்டு. அசைவு நெறியாளர் என்று நாம் தமிழில் அழைக்கலாம்.

அவர் செய்யும் வேலை யாது? பாண்டவர் சூதில் தோற்ற அவைக் காட்சியை எண்ணிப் பாருங்கள். "பீஷ்மர் தலை குனிகிறார்" என்று நாடக ஆசிரியர் ஒரு வரி எழுதிவிடுகிறார். இருபது வயது மாணவன் ஒருவன் பீஷ்மர் வேடம் தாங்குகிறான். எப்படிக் குனிவது? கழுத்து மட்டும் வளைந்தால் அது வெறும் வணக்கம் போலத் தோன்றும். முதலில் மார்பு தளர்ந்து, பிறகு தோள்கள் இறங்கி, கடைசியாகத் தலை சாய்ந்தால் அது வெட்கம். முதுமையின் பாரம் முழங்காலிலும் தெரிய வேண்டும். அவ்வேளையில் அவையில் உள்ள மற்றவர் எங்கே நோக்குவது? இவற்றை அந்த மாணவனின் உடம்புக்கு எட்டும்படி கற்பிப்பவரே அசைவு நெறியாளர். பெயர் புதிது, தொழில் நமக்குப் பழையது. பரதநாட்டியத்தில் நட்டுவனாரும், தெருக்கூத்தில் வாத்தியாரும் இதனையே செய்துவந்தனர்.

அசைவைப் பற்றிப் பேசப் புகுந்தவன் அசையாமையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஆடி மாதம் மாரியம்மன் திருவிழா நடைபெறும்போது வண்டி வேடிக்கை என்னும் காட்சி உண்டு. செவ்வாய்ப்பேட்டையிலும் குகையிலும் இது பெயர் பெற்றது. சிவன், பார்வதி, இராமன், கண்ணன் எனப் புராண வேடம் புனைந்தோர் அலங்கரித்த வண்டிகளில் அமர்ந்தும் நின்றும் வீதியில் உலா வருவர். வசனம் இல்லை, கதையை உடல் நிலையே உணர்த்த வேண்டும். வண்டி குலுங்கும், பக்கத்தில் மேளம் முழங்கும், கண்ணில் வேர்வை வழியும். அந்நிலையிலும் தூக்கிய கை தூக்கியபடியே இருக்க வேண்டும். அவ்வாறு வேடமிட்டு நின்ற ஒருவரிடம் என் இளமையில் நான் கேட்டேன், "கை வலிக்கவில்லையா, மாமா?" என்று. "வலிக்கத்தான் செய்யும் தம்பி. கையைத் தோளால் தூக்கினால் வலிக்கும். இடுப்பிலிருந்து தூக்கிப் பார்" என்றார். அவர் நாட்டியம் பயின்றவர் அல்லர். வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்பவர். பிற்காலத்தில் நான் படித்த நூல்கள் பலவும் இதற்கு மேல் அதிகம் சொல்லிவிடவில்லை.

கொலுசு என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. சேலத்து வெள்ளிக் கொலுசு நாடறிந்தது. செவ்வாய்ப்பேட்டை அத் தொழிலுக்குப் பேர் போனது. ஆனால் ஆடுவோர் காலில் கட்டும் சலங்கை வேறு. கொலுசு அணிக்கு, சலங்கை தாளத்துக்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு!

தொழில் செய்வாரின் அசைவிலிருந்து மேடைக்கு வழி கண்டவர் ருடால்ஃப் லாபான் என்னும் அறிஞர். 1879இல் பிறந்து ஜெர்மனியில் நாட்டியப் பேராசிரியராக விளங்கிய இவர், ஹிட்லர் ஆட்சியில் தம் பணி தடைப்பட, இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் எவ்வாறு குனிகின்றனர், தூக்குகின்றனர், தள்ளுகின்றனர் என்பதை லாரன்ஸ் என்னும் தொழில் ஆலோசகருடன் சேர்ந்து ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1947இல் நூலாக வெளிவந்தது. ஒவ்வோர் அசைவிலும் எடை, காலம், வெளி, ஓட்டம் என்னும் நான்கு கூறுகள் கலந்துள்ளன என்பது அவர் கொள்கை. அசைவு கனமானதா மெல்லியதா, திடீரென்று நிகழ்வதா நீடிப்பதா, ஒரே இலக்கை நோக்குவதா பரவிச் செல்வதா, கட்டுப்பட்டதா கட்டற்றதா என்று வினவினால் எவ்வகை அசைவையும் பிரித்தறியலாம்.

இதனை விளங்கிக்கொள்ள நீங்கள் இலண்டனுக்குச் செல்ல வேண்டுவதில்லை. அம்மாப்பேட்டையில் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் நெசவாளியைப் பாருங்கள். நாடா ஓடும் வேகம் வேறு, கால் மிதிக்கும் கனம் வேறு; இரண்டும் ஓர் உடம்பில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. கொலுசுக்குப் பற்று வைப்பவரின் கை மெல்லியது, இலக்கு ஒன்றே, மூச்சும் கட்டுப்பட்டிருக்கும். என் மாணவர்க்கு நான் தரும் முதற்பயிற்சி, இவ்விருவரையும் ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தறியும் பட்டறையும் இல்லாமலே வகுப்பில் செய்து காட்டுமாறு கூறுவதுதான். வெறுங்கையில் நூலின் இழுப்புத் தெரியும்வரை விடுவதில்லை.

இனித் தொழிலுக்கு வருவோம். நம் நாட்டில் மேடைத் தொழிலுக்கு முன்பு ஏணி ஒன்று இருந்தது. அதுவே பாலர் நாடக சபை. பாய்ஸ் கம்பெனி என்பர். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. அவ்வாண்டே அதில் சேர்ந்த தி. க. சண்முகத்துக்கு வயது ஆறு. பாட்டும் வசனமும் நடையும் ஒருங்கே கற்றனர் சிறுவர். அத்தகைய கம்பெனிகளில் தேறியவர்களே பின்னர்த் திரைப்படத்தை நிரப்பினர். எம். ஜி. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் அவ்வழி வந்தவர்களே. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1937இல் முதற்படத்தை வெளியிட்டது; நாடகக் கம்பெனியில் பழகிய உடம்புகள் அங்கே பெரிதும் பயன்பட்டன.

அந்த ஏணியை நான் புகழ்ந்து பாட மாட்டேன். பள்ளி செல்ல வேண்டிய வயதில் ஊர் ஊராய் அலைந்தனர் சிறுவர். அடி உதை உண்டு. குரல் உடைந்தால் வேடம் போய்விடும். பெண்களுக்கோ அங்கு இடமே இல்லை. திரைப்படம் வளர்ந்ததும் கம்பெனிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. கொடுமை நீங்கியதில் மகிழ்ச்சியே; ஆனால் பயிற்சியும் கூடவே போய்விட்டது. பேசத் தெரிந்தவர் நடிகர் என்றாயினர். ஒலிபெருக்கியின் முன் நேராக நின்று வசனம் சொல்லும் நாடகங்களை நம்மில் மூத்தோர் நிறையப் பார்த்திருப்பர்.

தெருக்கூத்தில் மட்டும் உடற்பயிற்சி அறாமல் நின்றது. சேலம் நாமக்கல் சமவெளியில் இன்றும் கூத்து உண்டு. இரவு தொடங்கி விடியும்வரை ஆட வேண்டும். திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டே வெளிப்படும் துரியோதனன், தலைக்கனமும் தோட்கனமும் சுமந்து சுழன்றாட வேண்டும். சுழன்று நின்றவுடன் மூச்சு வாங்காமல் பாட வேண்டும். வாத்தியார் இதனை ஏட்டில் எழுதித் தருவதில்லை. தாமே ஆடுகிறார், பிள்ளைகள் பின்னால் நின்று ஆடுகின்றனர். ஆனால் மழைக்காலத்தில் கூத்து இல்லை. வயலும் தறியும் அப்போது துணை நிற்கும். கலைஞனுக்கு இரண்டாம் தொழில் இருப்பது இழிவென்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கூத்திலிருந்தே நவீன நாடகத்துக்கு ஒரு பாதை பிறந்தது. எழுத்தாளர் ந. முத்துசாமி, புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு வியந்து, நடிகனின் உடம்பே நாடகத்தின் முதல் என்று உணர்ந்தார். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை தோன்றியது. கூத்து, சிலம்பம், களரி ஆகியவற்றை அங்கு நடிகர்கள் பயின்றனர். 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி கிட்டியபோது, முழுநேர நடிகர்களைச் சம்பளம் தந்து வைத்துக்கொள்ள அக்குழுவால் முடிந்தது. பசுபதி, கலைராணி போன்ற நடிகர்கள் அங்கு உருவானவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கராக வேலை பார்த்தவர் என்பது பலர் அறிந்த செய்தி. கணக்கு எழுதிக்கொண்டே நடிகரின் பயிற்சியைக் கவனிப்பதும் ஒரு கல்வியே அன்றோ? முத்துசாமி 2018இல் மறைந்தார்.

நாட்டியத்திலிருந்து புறப்பட்டு அசைவுக்கு வந்தவர் சந்திரலேகா. 1928இல் மகாராஷ்டிரத்தில் பிறந்த அவர், சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்றார். 1952இல் அவர் அரங்கேற்றம் நிகழ்ந்தது; இராயலசீமை வறட்சி நிவாரணத்துக்காக நடந்த நிகழ்ச்சி அது. யமுனையில் கோபியர் நீராடுவதை அபிநயிக்கும் கட்டத்தில் திடீரென அவர் மனம் நின்றுவிட்டது. நீரின்றி நிலம் வெடித்துக் கிடக்கும் மக்களுக்காக நடக்கும் ஆட்டத்தில், நான் நீரின் பெருக்கையன்றோ ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியதாம். ஆட்டம் நிற்கவில்லை; ஆனால் அந்த வினா அவரை விடவில்லை. புகழோடு ஆடிக்கொண்டிருந்தவர் மேடையை விட்டுப் பல ஆண்டுகள் விலகி நின்றார்; எழுத்திலும் ஓவியத்திலும் ஈடுபட்டார். 1985இல் 'அங்கிகா' என்னும் படைப்போடு திரும்பினார். அதில் புராணக் கதை இல்லை; நாயக நாயகி பாவம் இல்லை. பரதமும் யோகமும் களரிப்பயிற்றும் ஒன்றுகூடி, உடம்பின் முதுகெலும்பே பொருளாயிற்று. 2001இல் 'சரீரா' வெளிவந்தபோது அவர் எழுபதைக் கடந்திருந்தார், 2006இல் மறைந்தார்.

அவர் முறை எல்லார்க்கும் பிடித்ததில்லை. பரதத்தின் அழகைக் குலைத்தார் என்றவர் உண்டு. எனக்கும் அவருடைய மெதுவான நடை சில இடங்களில் பொறுமையைச் சோதிப்பதாகவே படுகிறது. எனினும், தான் எதற்காக ஆடுகிறோம் என்று கேட்டுக்கொண்டு, விடை கிடைக்கும்வரை ஆடாதிருந்த துணிவை மறுக்க முடியாது. ஆடுவோராகத் தொடங்கி ஆட்டுவிப்போரான ஒருவரின் வரலாறு அது. ஆடுபவரின் முழங்கால் ஒரு வயதில் ஓயும். ஆட்டுவிப்பவரின் கண் ஓயாது.

இப்போது வீட்டார் வினாவுக்கு வருகிறேன். மேடை மட்டும் சோறு போடுவது மிகச் சிலர்க்கே. ஆனால் அசைவு தெரிந்தவர்க்குப் பல வாயில்கள் உண்டு. பள்ளிகளில் நாடகமும் நாட்டியமும் கற்பிக்கலாம். பிறர் நாடகங்களுக்கு அசைவு அமைக்கலாம். திரைப்பட நடிகர்க்குப் பயிற்சி தரலாம். இவற்றுள் ஒன்று வறண்டால் மற்றொன்று ஊறும். சம்பளம் தரும் வாயிலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நாடுவதே தக்கது என்பது என் கருத்து.

கல்விக்கு இடங்கள் உண்டு. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் பரதநாட்டியம் கற்கலாம். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் சென்னையில் உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயராலேயே நிகழ்கலைப் பள்ளி நடக்கிறது. தில்லியில் 1959இல் நிறுவப்பட்ட தேசிய நாடகப் பள்ளி, பட்டம் பெற்று நாடக அனுபவமும் உடையவரையே சேர்த்துக்கொள்கிறது. ஆகவே கல்லூரியில் படிக்கும்போதே மேடையேறுங்கள், பட்டத்தையும் விடாதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுவேன். நாடகத்துக்கோ நாட்டியத்துக்கோ ஒப்புக்கொள்ளும்போது, ஒத்திகை எத்தனை நாள், ஊதியம் எவ்வளவு, எப்போது கிடைக்கும், பயணச் செலவு யாருடையது, விளம்பரத்தில் உங்கள் பெயர் எவ்வாறு வரும், காயம்பட்டால் மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்பவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "நம் பிள்ளைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்னும் சொல்லுக்கு இணங்காதீர்கள். கேட்பதற்குக் கூசுவீர்கள் என்பது தெரியும். எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார்கள் கூசுவதில்லை. தாம்பூலத்தில் முன்பணம் வைத்துக் கொடுக்கும்போதே, எத்தனை இரவு, எந்தக் கதை, சாப்பாடு யார் வீட்டில் என்பதுவரை பேசி முடித்த பிறகே வெற்றிலையைக் கையில் எடுப்பர்.