கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு திராட்சத் தோட்டம்

திராட்சத் தோட்டத்தைப் பற்றி வேதப் புத்தகத்திற் பலகாற் படித்திருக்கிறோம். யவனர் கலத்திற் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பருகி மகிழ்ந்த செய்தியைப் புறநானூற்றிலும் கற்றிருக்கிறோம். ஆயினும் மதுரைச் சமவெளியிற் பிறந்து வளர்ந்த எமக்கு நெல்லும் கரும்பும் பருத்தியுமே பழக்கமானவை. திராட்சக்கொடி எவ்வாறு வளர்கின்றது என்பதை அறியோம். இக்குறை நீங்கும்பொருட்டுத் தோழர் நால்வர் கூடிக் கம்பம் பள்ளத்தாக்கிற்குச் சென்று, சுருளிப்பட்டிக்கு அருகே ஒரு குடும்பத்தார் தம் கையாலேயே பேணிவரும் தோட்டத்தில் ஒரு பகல் தங்கினோம். அங்குக் கண்டவற்றையும், பின்னர் நூல்களிற் படித்தறிந்தவற்றையும் ஈண்டுக் கூறுவோம்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி ஆகிய ஊர்களைக் கடந்து செல்லச் செல்ல, வறண்ட நிலம் மாறி இருபுறமும் மலைகள் எழுகின்றன. 1895 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரியாற்றணையின் நீர் இப்பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, வைகையொடு கூடி, மதுரை வயல்களுக்கும் வருகின்றது. ஆகவே அத்தோட்டங்களுக்கும் எம் வயல்களுக்கும் நீர் ஒன்றே. 1832 இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழ்நாட்டிற்குத் திராட்சையைக் கொணர்ந்தார் என்பர். இங்கு மிகுதியாகப் பயிராவது பன்னீர்த் திராட்சை. மேனாட்டார் இதனை மஸ்கட் ஹாம்பர்க் என்று வழங்குவர். இதன் பெற்றோர் வகைகளுள் ஒன்றாகிய அலெக்சாந்திரிய மஸ்கட், சிசிலிக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையிலுள்ள இத்தாலியத் தீவாகிய பாந்தெல்லேரியாவில் இன்றும் சிறு குடும்பங்களால் வளர்க்கப்படுகின்றது. எனவே கம்பத்துக் கொடிக்குத் தென்னித்தாலியில் உறவுண்டு. 2023 ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தோட்டத்தினுள் நுழைந்தபொழுது தலைக்கு மேல் ஒரு பசிய கூரையே காணப்பட்டது. கல்தூண்களை நட்டு, அவற்றின்மேற் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய பந்தலில் கொடிகள் படர்ந்திருந்தன. கருஞ்சிவப்புக் குலைகள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கின. அடுத்த பந்தலிலோ இலையொன்றும் இல்லை, வெறுங்கட்டைகளே நின்றன. "இது பட்டுவிட்டதா, ஐயா?" என்று வினவினோம். தோட்டத்துப் பெரியவர் நகைத்து, "பட்டுப்போகலே தம்பி, கவாத்துப் பண்ணியிருக்கு. இரக்கப்பட்டு வெட்டாம விட்டா, இலைதான் மிஞ்சும், பழம் வராது" என்றார். கனிகொடாத கிளையை அறுப்பதும் கனிகொடுக்கும் கிளையைச் சுத்தம் செய்வதுமாகிய செயல்களை உவமையாகவே அறிந்திருந்த எமக்கு, அவை கத்தரிக்கோல் பிடித்துக் கை காய்த்துப்போகும் தொழில் என்பது அன்று விளங்கிற்று.

இத்தாலியில் குளிர்காலம் வந்தவுடன் கொடி தானே இலையுதிர்த்து உறங்கும். ஆண்டிற்கு ஒரு விளைச்சலே உண்டு. நம் நாட்டில் அத்தகைய குளிரில்லை. ஆதலின் கவாத்தே கொடிக்குக் குளிர்காலமாகின்றது. வெட்டியபின் புதுத் தளிர் விட்டு, பூத்து, காய்த்துப் பழுப்பதற்கு ஏறத்தாழ நான்கு மாதம் செல்லும். இவ்வகையில் இரண்டாண்டில் ஐந்து முறை கூட அறுவடை செய்யலாம். ஒரு தோட்டம் கவாத்திலும் மற்றொன்று கனியிலும் இருத்தலால், பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கின்றது.

இத்துணை விளைவிருந்தும் அக்குடும்பத்தார் முகத்தில் கவலை தோன்றியது. காரணம் வினவினோம். பன்னீர்த் திராட்சையின் தோல் மெல்லியது. பறித்தபின் நெடுநாள் தங்காது. பழுக்குங்காலத்து மழை பெய்தால் கனி கொடியிலேயே வெடிக்கும். சென்ற ஆண்டு விலை பேசிப்போன வியாபாரி ஒருவர், மழை பெய்ததும் வராது நின்றுவிட்டாராம். இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் கேட்ட விலைக்குக் கொடுத்தனர். "பழுத்த பிறகு பேரம் பேச நமக்கு நேரமேது தம்பி?" என்றார் பெரியவர். மூத்த மகன் தோட்டத்தை விட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இளையவனும் போவதா இருப்பதா என்று எண்ணிக்கொண்டிருக்கிறான்.

தென்னித்தாலியத் திராட்சைக் குடும்பங்கள் இத்துன்பத்தை எவ்வாறு வென்றன? பழத்தைப் பிழிந்து ரசமாக்கி வென்றன. பழத்திலுள்ள சர்க்கரையை நொதிகள் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன; அச்சாராயமே ரசத்தைக் கெடாது காக்கின்றது. வெசூவியஸ் எரிமலை கி. பி. 79 இல் புதைத்த பொஸ்கொரெயாலே என்னும் ஊரில் ஒரு சிறு பண்ணைவீட்டை அகழ்ந்தெடுத்துள்ளனர். அதன் முற்றத்தில் 18 பெருஞ்சாடிகள் நிலத்திற் புதைக்கப்பட்டிருந்தன. அச்சாடிகளில் ரசத்தை வைத்து, விலை வரும்வரை அவ்வீட்டார் காத்திருக்கலாம். அதே காம்பேனியா நாட்டு எரிமலை மணல் கலந்த மதுச்சாடித் துண்டுகள் நம் அரிக்கமேட்டிலும் கிடைத்துள்ளன. பழமாக நெடுநாள் தங்காத பொருள், ரசமாகிக் கடல் கடந்து தமிழகம் வந்துள்ளது.

மதுவைப் புகழ்வது எம் கருத்தன்று. அதனால் அழிந்த குடும்பங்களை எம் தெருக்களிலேயே கண்டிருக்கிறோம். ஆயின் மயக்கமின்றிக் காக்கும் வழியும் உண்டு. 1869 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெல்ச் என்னும் பல் மருத்துவர், தம் திருச்சபையின் நற்கருணைக்கு மயக்கமில்லாத ரசம் வேண்டி, திராட்சச் சாற்றைப் புட்டிகளில் அடைத்துக் கொதிநீரில் வைத்தார். வெப்பத்தால் நொதிகள் மடிந்தமையின் சாறு புளியாமல் நின்றது. பாஸ்தர் கண்ட முறையே அது. விதையுடைய பன்னீர்த் திராட்சை உலர்பழத்திற்கு அத்துணை ஏற்றதன்று. மணமுடைமையால் சாற்றிற்கு மிக ஏற்றது.

கம்பத்துக் குடும்பங்களுக்கு நிலமும் நீரும் உழைப்பும் உள. காத்திருக்கும் வசதி ஒன்றே இல்லை. பல குடும்பங்கள் ஒன்றுகூடிச் சாறு பிழிந்து காக்கும் ஆலையொன்றை நடத்துமாயின், வியாபாரி வாராத மூன்றாம் நாளும் அவர்களை அச்சுறுத்தாது. எம் கல்லூரியில் வேதிநூலும் வணிகநூலும் கற்கும் தோழர்களே, இதனைச் சற்றே சிந்திப்பீராக. நாங்கள் விடைபெறும்போது பெரியவர் ஒரு கூடைப் பழம் கொடுத்து, "இன்னைக்கே தின்னுடுங்க தம்பி, நாளைக்கு வைக்காதீங்க" என்றார். அவ்வறிவுரையில் அக்குடும்பத்தின் துயர் முழுவதும் அடங்கியிருந்தது.