புழக்கத்துக்கு வராத காசு: கச்சேரி, அரங்கம், நாணயம்

'நல்லா கனமா இருக்கே தம்பி. இத டீக்கடையில குடுத்தா வாங்குவானா?'

எங்கள் ஊர் ஆமத்தூரில் நாயனம் வாசிக்கிற பெரியவர் கேட்டார். அவர் உள்ளங்கையில் இருந்தது எம்.எஸ். சுப்புலட்சுமியின் நூற்றாண்டுக்காக இந்திய அரசு அடித்த 100 ரூபாய் நாணயம். விருதுநகரில் வாத்தியார் வேலை பார்க்கும் நண்பர் வாங்கிப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததை இரவல் வாங்கிப்போய்க் காட்டியிருந்தேன். வாங்க மாட்டான் தாத்தா என்றேன். 'அப்புறம் எதுக்கு அடிச்சான்?' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பருப்புக்கும் மிளகாய் வத்தலுக்கும் விலை சொல்கிற ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மனுசன். அவருடைய கேள்வியை லேசில் தள்ளிவிட முடியவில்லை.

நினைவு நாணயங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று கைக்குக் கை போவது. 1964இல் நேரு மறைந்ததும் அவர் முகம் பொறித்து வந்த ஒரு ரூபாயும் 50 காசும்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள். காமராசர் நூற்றாண்டுக்கு (2003) வந்த 5 ரூபாய் நாணயம் எங்கள் பக்கம் பலசரக்குக் கடைக் கல்லாவிலும் மினி பஸ் கண்டக்டர் பையிலும் புரண்டு தேய்ந்தது. விருதுநகர்க்காரர் விருதுநகர் சந்தையிலேயே செலவானார். இதைவிட நல்ல அஞ்சலி அவருக்கு இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று புழக்கத்துக்கு வராமலே போவது. எம்.எஸ். நாணயம் இந்த ரகம். 2017 செப்டம்பரில் டெல்லியில் அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் வெங்கையா நாயுடு வெளியிட்டார். எடை 35 கிராம், விட்டம் 44 மில்லிமீட்டர், பாதி வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி 1000 ரூபாய் மதிப்பு வரைக்கும் அரசு நாணயம் அடிக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு அப்படியே 1000 ரூபாய் நாணயம் வந்தது. சட்டத்தின் பார்வையில் இவையும் காசுதான். ஆனால் அக்கசாலை இவற்றைப் பெட்டியில் வைத்து, முகமதிப்பைப் போலப் பல மடங்கு விலைக்குச் சேகரிப்பாளர்களிடம் விற்கிறது. கொடுத்த விலையை விட்டுவிட்டு நூறு ரூபாய்க்கு யார் டீ குடிப்பார்கள்?

ஆக இது காசின் வேடத்தில் வரும் பதக்கம். மார்க்ஸ் சொல்லும் பயன்மதிப்பு இதற்கு இல்லை, பரிவர்த்தனை மதிப்பு முடக்கப்பட்டிருக்கிறது. வால்டர் பெஞ்சமின் கலைப்பொருளின் வழிபாட்டு மதிப்பையும் காட்சி மதிப்பையும் பிரித்துப் பேசுவார். இந்த நாணயம் இரண்டையும் வெல்வெட் பெட்டிக்குள் வைத்துச் சாத்திவிடுகிறது. தினசரி ஆயிரக்கணக்கில் முகங்களை அச்சடித்துத் தள்ளுகிற சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு குரூர திருப்தி. எங்கள் பக்கத்துப் பட்டாசு லேபிளில் இருக்கும் முகம் வெடித்துச் சிதறவாவது செய்கிறது.

அரங்கத்துக்கே நாணயம் அடித்தவர்கள் உண்டா? உண்டு. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் 150ஆவது ஆண்டுக்கு 2021இல் பிரிட்டிஷ் அக்கசாலை 5 பவுண்டு நாணயம் வெளியிட்டது. சில பதிப்புகளை அந்த மண்டபத்தின் கூரையைப் போலவே குவித்து அடித்தார்கள். அழகான வேலைப்பாடு. ஆனால் அந்த மண்டபமே காசு விவகாரம் என்பதை நாணயம் சொல்லாது. அது நிற்கும் நிலம் 1851 பெருங்கண்காட்சியின் லாபத்தில் வாங்கிய நிலம். பஞ்சாபை விழுங்கியதும் பறித்துக்கொண்டு போன கோகினூர் வைரத்தை லண்டன்காரர்கள் வரிசையில் நின்று பார்த்தது அந்தக் கண்காட்சியில்தான். மண்டபம் கட்டக் காசு போதாமல், 100 பவுண்டு கொடுத்தவருக்கு 999 ஆண்டுகளுக்கு ஓர் இருக்கை என்று விற்றார்கள். இன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள் அப்படித் தனியார் சொத்து. பாட்டுக் கேட்கும் இடம் பரம்பரைச் சொத்தாகப் பேரன் கைக்குப் போகிறது. நம் சபாக்களின் முன்வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

நம்மிடம் இசையரங்குக்கென்று அடித்த நாணயம் இல்லை. கட்டடத்துக்கு அடித்த நாணயம் இருக்கிறது: 2023இல் புதிய நாடாளுமன்றத்துக்கு 75 ரூபாய். தமிழில் 'கச்சேரி' என்றால் இரண்டு பொருள். பாட்டுக் கச்சேரி ஒன்று. தாலுகா கச்சேரி இன்னொன்று. எங்கள் ஊர்க் கிழவிகளுக்குக் கச்சேரி என்றாலே போலீஸ் ஸ்டேஷன்தான், 'கச்சேரிக்கு இழுத்துட்டுப் போயிட்டான்' என்பார்கள். அரசு தன் கச்சேரிக்கு நாணயம் அடித்துக்கொண்டது. பாட்டுக் கச்சேரிக்கு வந்தபோது மண்டபத்தை விட்டுவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. கலைஞர் நூற்றாண்டின் 100 ரூபாய் நாணயத்தை 2024 ஆகஸ்டில் ராஜ்நாத் சிங் வெளியிட்டதுகூட ஒரு கலையரங்கில்தான், சென்னை கலைவாணர் அரங்கில். 'தமிழ் வெல்லும்' என்று தமிழிலேயே பொறித்திருக்கிறது. என்.எஸ். கிருஷ்ணனின் பெயர் சுவரில் இருந்ததோடு சரி.

மண்டபத்தை ஏன் விடக் கூடாது என்கிறேன்? அதை நீக்கிவிட்டால் பாட்டு வானத்திலிருந்து இறங்கியது போல ஆகிவிடும். கோயில் பிரகாரத்திலும் வீதியிலும் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்திலும் இருந்த சங்கீதம், 1900இல் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபை, 1928இல் மியூசிக் அகாதமி என்று ஒரு கூரைக்குக் கீழ் போய்ச் சேர்கிறது. சாமி புறப்பாட்டில் ராத்திரி பூராவும் ஒரே ராகத்தை வாசித்துக்கொண்டு நடந்த நாயனத்தின் நேரம் வேறு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த கச்சேரிப் பத்ததியில் வர்ணத்திலிருந்து மங்களம் வரை எல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். வெற்றிலைத் தட்டு போய் டிக்கெட் வருகிறது. எதைப் பாடுவது என்ற சண்டையும் மண்டபத்துக்குள்தான் நடந்தது. தெலுங்குக் கீர்த்தனைகளே கோலோச்சியதை எதிர்த்து எழுந்த தமிழிசை இயக்கத்துக்கு 1943இல் தமிழ் இசைச் சங்கமும், 1952இல் ராஜா அண்ணாமலை மன்றமும் தேவைப்பட்டன. கருத்து இருந்தால் போதாது, நாற்காலிகளும் வேணும் என்று அண்ணாமலைச் செட்டியாருக்குத் தெரிந்திருந்தது. கல்கி, சதாசிவத்தோடு எம்.எஸ்ஸும் அந்தப் பக்கம் நின்றதை நினைவில் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய கோயில் மரபு உயர்ந்தது, மண்டபம் வந்து கெடுத்தது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எம்.எஸ். பிறந்த ஹனுமந்தராயன் கோயில் தெருவிலிருந்து மீனாட்சி கோயில் நடக்கிற தூரம்தான். அந்தக் கோயிலுக்குள் தலித்துகளும் நாடார்களும் போக முடிந்தது 1939 ஜூலை 8இல், வைத்தியநாத ஐயரோடு கக்கன் முதலானோர் நுழைந்த பிறகு. என் பாட்டனார் காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் மதுரைக்குப் போனால் கோபுரத்தை வெளியே நின்று கும்பிட்டு வந்தவர்கள். டிக்கெட் கவுண்டரில் காசை நீட்டினால் சாதி கேட்காமல் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான் என்பது சின்ன விஷயம் இல்லை. தேவதாசி வீட்டுப் பெண்ணுக்கும் மேடை ஒரு வெளியேறும் வாசலாக இருந்தது. ஒரு புரவலனின் கூடத்தில் பாடுவதும், முகம் தெரியாத ஆயிரம் பேர் முன் பாடுவதும் ஒன்றல்ல. வாசல் கதவைத் திறந்துவிட்டவர்கள் என்ன விலை கேட்டார்கள் என்பது தனிக் கேள்வி. 1928இல் தொடங்கிய அகாதமி 1968இல்தான் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ்ஸுக்கு, சங்கீத கலாநிதி கொடுத்தது.

இப்போது நாணயத்தின் அந்த இரண்டு எழுத்துக்களைப் பாருங்கள். எம், எஸ். மதுரை, சண்முகவடிவு. ஊர்ப் பெயர், பிறகு தாயின் பெயர். சண்முகவடிவு வீணை வாசித்தவர். அவருடைய தாய் அக்கம்மாள் வயலின். தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாகப் போடும் நாட்டில், தாய்வழி வந்த ஒரு கலைமரபு முழுக்க ஓர் எழுத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. அந்த மரபுக்கு 1947இல் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. வைக்க வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த மரபை ஒழித்ததோ அதிலிருந்து வந்த குரலுக்கு அரசு வெள்ளியில் முகம் செதுக்கும்போது, அந்த 'எஸ்'ஸை விரித்துச் சொல்ல வேண்டிய கடமை விமர்சகனுடையதாகிறது.

நாயனக்காரர்கள் கதை வேறு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் எங்கள் கரிசல் சீமைக்காரர் மாதிரிதான், கோவில்பட்டியில் அவர் பெயருக்கு இருக்கும் மரியாதை அப்படி. 'கொஞ்சும் சலங்கை' படத்தில் (1962) ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாயனம் அவருடையது. எந்த நாணயத்திலும் அவர் இல்லை.

சில வருஷங்களுக்கு முன், பெயர் வேண்டாம், நகரத்து அரங்கம் ஒன்றில் நடந்த ஒரு விழாவுக்கு மங்கள இசை வாசிக்க நம்ம பெரியவரைக் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு நானும் போனேன். ஐந்தரைக்கு வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் வாசிப்பு. ஆறு மணிக்கு 'போதும்' என்று கைகாட்டினார் ஒருவர். உள்ளே இருக்கைகள் நிரம்பத் தொடங்கின. கல்யாணியைப் பாதியில் நிறுத்திச் சீவாளியைக் கழற்றித் துடைத்தவர், 'உள்ள போயி உக்காந்து கேப்பமா தம்பி?' என்றார். அழைப்பிதழ் கேட்டார்கள். எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை. தவில்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வழி விசாரித்தார்.

கடைசி பஸ்ஸில் வரும்போது கவரைப் பிரித்து எண்ணினோம். நூறு ரூபாய்த் தாள்கள் மட்டும். ஒத்தை ரூபாய் இல்லை. அது அவரைத்தான் அதிகம் உறுத்தியது. எங்கள் பக்கம் மேளத்துக்கு அச்சாரம் கொடுத்தால் வெற்றிலை பாக்கோடு 101, 501 என்றுதான் வைப்பார்கள். அந்த ஒத்தை ரூபாய் இல்லாமல் பேச்சு முடியாது. கணக்கு முடியவில்லை, அடுத்த முறையும் கூப்பிடுவோம் என்று அதற்கு அர்த்தம். தேய்ந்து கறுத்து, தலை எது பூ எது என்று தெரியாமல் போன காசாக இருந்தாலும் பரவாயில்லை.

போன ஆவணியில் என் தங்கை கல்யாணத்துக்கு நான்தான் அவரிடம் அச்சாரம் கொண்டுபோனேன். 501. தாளைச் சட்டைப் பையில் வைத்தவர், அந்த ஒரு ரூபாயை மட்டும் கண்ணில் ஒத்திச் சீவாளி டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார். 'முகூர்த்தம் ஆறரைன்னா வேன் நாலு மணிக்கே வந்துரணும் தம்பி, ஆமா' என்றார்.