அறுத்தால் மீண்டும் வளருமா?

"மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதாம். அறுத்தாலும் திரும்ப வளருமாம். பிறகு எதற்கு அறுப்பது?" மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் மதுரைக்குப் பேருந்தேறி வந்து, மருத்துவர் எழுதித் தந்த சீட்டுடன் தயங்கி நிற்போர் கேட்கும் கேள்வி இது. வாசகர்களே, இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும், எந்த அறுவை என்பதை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது.

'சதை' என்று நம் மக்கள் கூறுவது இரு வேறு பொருள்களை. மூக்கின் பக்கச் சுவரில் எல்லோருக்கும் இயற்கையாகவே உள்ள மடிப்புகள் ஒவ்வாமையால் வீங்கினாலும் சதைதான். தோலுரித்த திராட்சை போல் வெளிறித் தொங்கும் 'பாலிப்'பும் சதைதான். நாம் பேசுவது பின்னதைப் பற்றி.

முற்காலத்தில் கம்பி வளையத்தை மாட்டி அதனை இழுத்து எடுத்தனர். மூச்சு உடனே திறக்கும். ஆனால் பாலிப் முளைக்கும் இடம் இரு கண்களுக்கு நடுவேயுள்ள சிற்றறைகள். அவற்றைத் தொடாமல் விட்டால் மீண்டும் வளராமல் என்ன செய்யும்?

நாள்பட்ட சைனஸ் தொல்லைக்கு வேறொரு முறை இருந்தது. அமெரிக்காவில் கால்டுவெல் 1893லும் பிரான்சில் லுக் 1897லும் விளக்கிய அறுவை அது. மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, எலும்பைத் துளைத்து, கன்ன அறையின் உட்சவ்வைச் சுரண்டி எடுப்பர். மூக்கின் கீழ்ப்புறமாகப் புதிய வடிகால் ஒன்றும் அமைப்பர். முகம் வீங்கும், சிலருக்குக் கன்னமும் பல்லும் மரத்துப் போவதுண்டு. இவ்வளவு பாடுபட்டும் பலருக்குச் சளி வடியவில்லை. ஏன்? கண்மாய் நீர் பள்ளம் நோக்கி ஓடும், சளி அப்படியன்று. சவ்விலுள்ள நுண்மயிர்கள் அதனை மேலேயுள்ள இயற்கை மடைக்கே தள்ளிச் செல்கின்றன, கீழே துளையிருந்தாலும் அதனைக் கடந்து!

ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவர் மெஸ்ஸர்க்ளிங்கர் உள்நோக்கிக் குழாய் கொண்டு இதனை ஆராய்ந்தார். அந்த மடையையே திறப்போம் என்பதுதான் 1980களில் பரவிய எண்டோஸ்கோப்பி அறுவை. முகத்தில் தழும்பில்லை, நல்ல சவ்வு காக்கப்படுகிறது. 1990களில் வந்த மைக்ரோடிப்ரைடர் என்னும் சுழல்கத்தி, சதையை வெட்டியவாறே உறிஞ்சியும் விடும். கருவியின் பெயரைச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் மயங்க வேண்டாம். கருவியைவிடக் கைத்திறனே பெரிது. கண்ணுக்கும் இந்த அறைகளுக்கும் இடையே காகிதம் போன்ற எலும்புதான் உள்ளது; மேலே மூளை. ஆகவே சி.டி. ஸ்கேன் பார்க்காமல் இவ்வறுவைக்கு இசையாதீர்கள். 2005க்குப் பின் வந்த பலூன் முறை குறுகிய வாயிலை விரிக்குமேயன்றிப் பாலிப்பை அகற்றாது.

சரி, மீண்டும் வளருமா? வளரக்கூடும்; ஆஸ்துமா உள்ளவர்க்கும் ஆஸ்பிரின் ஒவ்வாதவர்க்கும் அந்த வாய்ப்பு மிகுதி. நோய் சவ்வில் இருக்கிறது. அறுவை அதனை வேரறுப்பதில்லை. மருந்து உள்ளே சேர வழி திறக்கிறது. அதனால்தான் அறுவைக்குப் பின்னும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை மருத்துவர் நிறுத்தச் சொல்வதில்லை. மூச்சு சீராயிற்று என்று தாமாகவே அதனை நிறுத்துவோர்தாம் பெரும்பாலும் சதையோடு திரும்பி வருகின்றனர். அடங்காத நோய்க்கு டுபிலுமாப் என்னும் ஊசி மருந்து 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலைதான் மிக அதிகம்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் சதை இருந்தால், குறிப்பாக இரத்தமும் கசிந்தால், தள்ளிப் போடாதீர்கள். அதில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தாக வேண்டும். அது பாலிப்பாகவே இல்லாதிருக்கலாம்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பற்றியும் ஒரு சொல். நாள்தோறும் உளூச் செய்கையில் நாசிக்கு நீர் செலுத்துகிறோமே, அது போதாதா என்பர் சிலர். அந்நீர் மூக்கின் முன்புறத்தோடு நின்றுவிடும். அறுவை செய்த அறைகளைச் சென்றடையாது. கழுவும் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிய பின்பே உப்பைக் கலக்கவேண்டும். குழாய் நீரை அப்படியே செலுத்தலாகாது.