கிரவுனுக்குள் ஒரு லிட்டர்

கார் ஒரு தெருமுனையில் செங்கோணமாகத் திரும்புகிறது. வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட எவ்வளவு தூரம் அதிகமாக ஓடும்? வளைவு பெரியதா சிறியதா என்று கேட்கவே தேவையில்லை. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள அகலம் தெரிந்தால் போதும். அம்பாசடரின் பின்சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.35 மீட்டர். அதை 'பை'யால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 2.12 மீட்டர். குறுகலான சந்தில் ஒடித்துத் திருப்பினாலும் சரி, ஏரிக்கரைச் சாலையில் அரை கிலோமீட்டருக்கு மெல்ல வளைந்து போனாலும் சரி, தொண்ணூறு டிகிரி திரும்பி முடித்ததும் வித்தியாசம் அதே 2.12 மீட்டர்தான். அந்தக் காரின் சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நகரும். ஆக, ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிச்சக்கரம் ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும்.

மாட்டு வண்டிக்கு இதில் சிக்கலே இல்லை. இழுப்பது மாடு, சக்கரங்கள் இரண்டும் அச்சில் தனித்தனியே உருளும். ரயிலில் சக்கரங்கள் அச்சோடு இறுகிப் பிணைந்தவை. அங்கே சக்கரத்தின் விளிம்பைக் கூம்புபோல் சரித்துக் கடைந்து வளைவைச் சமாளிக்கிறார்கள். காரில்தான் தொல்லை. சக்கரம் தானே உருண்டால் போதாது, எஞ்சின் அதைத் தள்ள வேண்டும். இரண்டையும் தள்ள வேண்டும், ஆனால் இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிப்போடக் கூடாது. இந்த முரண்பாட்டைத் தீர்த்துவைக்கும் இரும்புக் குடுவைதான், பின்சக்கரங்களால் ஓடும் கார்களில் பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல். நம் பட்டறைகளில் அதற்கு 'கிரவுன்' என்று பெயர்.

அது என்ன செய்கிறது என்பதைப் படம் பார்ப்பதைவிடக் கையால் தொட்டு உணரலாம். பின்சக்கரங்கள் இரண்டும் தரையில் படாதபடி அச்சை ஸ்டாண்டின் மேல் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, கைப்பிரேக்கை விடுவித்துவிடுங்கள். இப்போது வலது சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுழற்றினால், யாரும் தொடாத இடது சக்கரம் அதே வேகத்தில் பின்னோக்கிச் சுழலும். முதல்முறை பார்ப்பவர்கள் இன்னொரு தடவை சுற்றிப் பார்க்காமல் விடமாட்டார்கள். கியரில் இருப்பதால், குடுவைக்குள் எஞ்சினின் சுழற்சியை வாங்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் சக்கரம் நகராது. அதன் கூட்டுக்குள் உள்ள ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பற்சக்கரங்கள் மட்டும் ஒரு பக்கம் வாங்கிய சுழற்சியை மறுபக்கம் எதிர்த்திசையில் கொடுக்கின்றன. கார் ஓடும்போதும் நடப்பது இதேதான். கிரவுன் இரண்டு பக்கங்களையும் சேர்த்துச் சுற்றுகிறது. ஸ்டார் பினியன்கள் உள்சக்கரத்தில் குறைந்த சுற்றை அப்படியே வெளிச்சக்கரத்துக்குக் கூட்டித் தருகின்றன. இரண்டு சக்கரங்களின் வேகத்தைக் கூட்டினால் எப்போதும் கிரவுனின் வேகத்தைப் போல் இரண்டு மடங்கு வரும். மின்சுற்று கிடையாது, சென்சார் கிடையாது. நாலைந்து பற்சக்கரங்கள் சேர்ந்து கூட்டலும் கழித்தலும் போடுகின்றன.

காருக்கு முன்பே பிறந்த யோசனை இது. பாரிஸில் ஒனேசிஃபோர் பெக்கூர் என்ற பொறியாளர் 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இதை வடிவமைத்தார். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-இல் மூன்று சக்கர சைக்கிளில் இதைப் பொருத்தினார். பெட்ரோல் கார் வந்தபோது இந்தப் பொறி தயாராகக் காத்திருந்தது.

இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. வேகத்தைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த டிஃபரென்ஷியலுக்கு, முறுக்கு விசையைச் சரிபாதிக்குமேல் ஒரு பக்கமாகக் கொடுக்கத் தெரியாது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அதைச் சுழற்ற எவ்வளவு குறைந்த விசை போதுமோ அதே குறைந்த விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் போகும். வண்டி நகராது, சேற்றுச் சக்கரம் கிரவுனைவிட இரட்டை வேகத்தில் சுற்றும். அப்போது ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பது மிகக் கெட்ட பழக்கம். நேர்ச்சாலையில் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும் ஸ்டார் பினியன்கள் தாங்கள் மாட்டியிருக்கும் தண்டின் மேல் வெறித்தனமாகச் சுழன்று, அங்கிருக்கும் ஆயிலை வெளியே வீசிவிட்டு, இரும்போடு இரும்பாக உரசத் தொடங்கும்.

ஆயில் என்றதும் இந்தக் குடுவையின் இன்னொரு விந்தைக்கு வந்துவிட்டோம். என்னைக் கேட்டால், பற்சக்கரங்களின் கணக்கைவிட இதுதான் பெரிய விந்தை.

எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் பிரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சுழற்சியைக் குறுக்கே உள்ள அச்சுக்குத் திருப்பி, வேகத்தைச் சுமார் நாலில் ஒன்றாகக் குறைத்து, விசையை அதே அளவுக்குப் பெருக்குவது, ஷாஃப்ட்டின் நுனியில் உள்ள சிறு பற்சக்கரமான பினியனும் அதோடு இணையும் கிரவுன் சக்கரமும். ஆரம்ப காலக் கார்களில் பினியன் கிரவுனின் மையத்துக்கு நேராக நின்றது. 1920-களில் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்து கிளீசன் நிறுவனம் பினியனை மையத்துக்குக் கீழே இறக்கி வைக்கும் பற்களைச் செதுக்கக் கற்றுக்கொண்டது. 'ஹைபாய்டு' என்ற அந்த அமைப்பை 1926-இல் பேக்கார்டு கார்கள் ஏற்றுக்கொண்டன. பினியன் இறங்கியதால் ஷாஃப்ட் இறங்கியது, காரின் தரைத்தளமும் இறங்கியது. பல்லும் பெரிதாகிப் பலம் கூடியது, சத்தம் குறைந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்து, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை தயாரான அம்பாசடரின் பின் அச்சிலும் இந்த ஹைபாய்டுதான்.

ஆனால் இந்த வசதிக்கு விலை உண்டு. பழைய அமைப்பில் பல்லின் மேல் பல் பெரும்பாலும் உருண்டு போகும். ஹைபாய்டில் உருள்வதோடு நீளவாக்கில் சறுக்கவும் செய்யும், அதுவும் கடும் பாரத்தின் கீழ். பல்லும் பல்லும் தொடும் இடம் மெல்லிய கீற்றுதான். முழு பாரத்தில் அந்தக் கீற்றின் மேல் விழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்தாயிரம் மடங்கைத் தாண்டும். பசிபிக் கடலின் மரியானா அகழியின் அடியில் உள்ள அழுத்தமே ஆயிரம் மடங்கைச் சற்றுத் தாண்டியதுதான். இத்தனை அழுத்தத்தில் ஆயில் பிதுங்கி ஓடிவிட வேண்டாமா? ஓடுவதில்லை. அழுத்தம் ஏற ஏற ஆயிலின் கெட்டித்தன்மை கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. பற்களின் நடுவே சிக்கிய ஆயில், தப்பி ஓட நேரம் கிடைக்கும் முன்பே, நொடியில் மிகச் சிறிய ஒரு பங்குக்குக் கண்ணாடிபோல் இறுகி நிற்கிறது. பல் விலகியதும் மறுபடி திரவமாகிவிடுகிறது. அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அந்தப் படலமும் சில இடங்களில் கிழியும். பற்களின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் உண்டு. அவை மோதும் புள்ளியில் ஒரு கணத்துக்கு வெப்பம் பல நூறு டிகிரிக்குத் தாவும். சாதாரண ஆயில் மட்டும் இருந்தால் அங்கே இரும்பும் இரும்பும் பற்றவைத்ததுபோல் ஒட்டி, மறுகணமே பிய்ந்துவரும். இதைத் தடுக்கவே கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். கடையில் 'ஈ.பி. 90' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த 'ஈ.பி.' இந்தச் சேர்மங்களைத்தான் குறிக்கிறது. சும்மா இருக்கும்போது இவை ஆயிலோடு ஆயிலாகக் கிடக்கும். சூடு தாவும் அந்தப் புள்ளியில் மட்டும் விழித்துக்கொண்டு இரும்போடு வினைபுரிந்து, இரும்பு சல்ஃபைடு, பாஸ்பேட் ஆகியவற்றாலான மெல்லிய பூச்சு ஒன்றைப் போடும். அடுத்த உரசலில் பல்லுக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேயும். உடனே புதுப் பூச்சு உருவாகும். ஆபத்து வரும் இடத்தில், ஆபத்து வரும் நேரத்தில், அந்தச் சூட்டையே கொண்டு தன்னைச் செய்துகொள்ளும் கவசம் இது! கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தின் அடையாளம்.

ஒரு காலத்தில் இந்த வேலைக்கு, ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயில் கந்தகம் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். அருகிவரும் உயிரினம் என்று 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தைப் பட்டியலிட்டபின் அந்த எண்ணெய்க்கான கதவு மூடியது. நம் தாத்தாக்கள் காலத்துக் கார்கள் வளைந்து திரும்ப எங்கோ ஒரு கடலில் திமிங்கிலம் சாக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. வேதியியல் அந்தப் பாவத்திலிருந்து நம்மை மீட்டது.

90 என்ற எண்ணைப் பார்த்து, எஞ்சினுக்கு ஊற்றும் 40-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று நினைப்பவர்கள் நிறைய. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். நூறு டிகிரிச் சூட்டில் 90 கியர் ஆயிலின் கெட்டித்தன்மை, எஞ்சின் ஆயிலின் 40-க்கும் 50-க்கும் பக்கத்தில்தான் நிற்கும். வித்தியாசம் உள்ளே கலந்திருப்பதில் இருக்கிறது. அதனால்தான் இருக்கிறதே என்று எஞ்சின் ஆயிலைக் கிரவுனில் ஊற்றக் கூடாது. டப்பாவில் ஜி.எல்.-5 என்று இருந்தால் அது ஹைபாய்டுக்கு ஏற்றது. அதையே பழைய கியர்பாக்ஸிலும் ஊற்றுவது சரியல்ல. அங்கிருக்கும் பித்தளை, வெண்கல வளையங்களைக் கந்தகச் சேர்மம் அரிக்கக்கூடும், கையேடு ஜி.எல்.-4 என்று சொன்னால் ஜி.எல்.-4 தான். கிரவுன் சத்தம் போடுகிறது என்று கெட்டியான 140 ஆயிலை ஊற்றி வாயடைப்பதையும் நான் ஏற்கவில்லை. சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது.

இவ்வளவு செய்யும் ஆயில் ஏன் கெட்டுப்போகிறது? இங்கே பெட்ரோல் எரியும் கரி இல்லை. ஆனால் எஞ்சினில் உள்ள ஃபில்டரும் இங்கே இல்லை, பம்பும் இல்லை, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் இல்லை. கிரவுன் சக்கரம் பாதி முங்கிச் சுழன்று ஆயிலை வாரி இறைப்பதுதான் மொத்த ஏற்பாடு. தேய்ந்து விழும் ஒவ்வொரு இரும்புத் துகளும் போக வழியில்லாமல் அதே ஆயிலில் சுற்றிச் சுற்றி பேரிங்கை அரைக்கும். கவசம் போடும் சேர்மமும் போடப் போடத் தீர்ந்துகொண்டே வரும். இரண்டுக்கும் ஒரே மருந்து, பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றுவது.

வேலை எளிதானது. கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது, பிட் மேலோ நான்கு ஸ்டாண்டுகளிலோ காரைச் சமமாக நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. கிரவுன் குடுவையின் நடு உயரத்தில் ஆயில் ஊற்றும் பிளக் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அடியில் வடிக்கும் பிளக்கும் இருக்கும். முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ளதை. பல வருடம் தொடாத அந்தப் பிளக் துருவேறி அசையாமல் போயிருக்கலாம். அடியில் உள்ளதை முதலில் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிட்டால், ஊற்ற வழியில்லாத வண்டி பட்டறையிலேயே நின்றுவிடும்.

அடிப் பிளக்கைத் திறந்ததும் ஆயில் கறுப்பாக, கனத்த கயிறாக இறங்கும். பிளக்கில் காந்தம் இருந்தால் அதன் நுனியைத் துடைப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், விரலில் தேய்த்தால் நெருடாத மை போன்ற கூழ் ஒட்டியிருந்தால் கவலை இல்லை. அது இயல்பான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சில்லோ ஊசி போன்ற துணுக்கோ வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று பொருள்; புது ஆயில் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது, பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. இது எப்படி என்று பலரும் வியப்பார்கள். ஓடிச் சூடான அச்சு வெள்ளத்தில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அச்சின் மேலுள்ள மூச்சுத்துளை வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நடந்ததுபோல வண்டி பல மணி நேரம் தண்ணீரில் நின்றால் சொல்லவே வேண்டாம். அந்த மூச்சுத்துளை மண்ணடைத்துக் கிடந்தாலும் தொல்லைதான். சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு பிரேக் டிரம்மில் இறங்கும். ஆயில் மாற்றும்போது அதையும் ஒரு துணியால் துடைத்து, அடைப்பில்லை என்று பார்த்துவிடுங்கள்.

வடிந்ததும் அடிப் பிளக்கைப் புது வாஷர் போட்டு மாட்டி, கைப்பம்பாலோ டியூப் பொருத்திய பாட்டிலாலோ மேல்துளை வழியே ஊற்ற வேண்டும். பல கார்களுக்கு ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை போதும். துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு ஆயில் வழியத் தொடங்கினால் அளவு சரி. அதற்கு மேல் திணித்தால் சூடும் கசிவும்தான் மிஞ்சும்.

பழைய அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, ஆம்னியோ, ஜீப்போ வாங்கியிருக்கிறீர்களா? விற்றவர் என்ன சொன்னாலும், கிரவுன் ஆயில் எப்போது மாற்றியது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். பிறகு கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கைப் பின்பற்றலாம். வெள்ளத்தில் இறங்கினால் மட்டும் கணக்குப் பார்க்காமல் உடனே திறக்க வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள்.