அறுபது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள்

உங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இப்போது எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று கேட்டால், உடனே விடை சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? பள்ளிவாசலின் வரவு செலவு ஒரு காசு பிசகாமல் நமக்குத் தெரியும். அடுத்த தெருவிலுள்ள பள்ளிக்கூடத்தின் கணக்கு மட்டும் தெரியாது.

அந்தக் கணக்கில்தான் கிராமப் பள்ளியின் உயிர் இருக்கிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்று வகுத்துள்ளது. 61ஆவது பிள்ளை வந்து சேர்ந்தால்தான் மூன்றாம் ஆசிரியருக்கு உரிமை பிறக்கும். வகுப்புகளோ ஐந்து! ஒரே ஆசிரியர் ஒரு பக்கம் எழுத்து எழுத வைத்து, மறுபக்கம் கழித்தல் கணக்குச் சொல்லித்தர வேண்டும். தலைமையாசிரியர் அலுவலகக் கூட்டத்திற்குப் புறப்பட்டுவிட்டால் ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில். தேர்தல் பணிக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஆசிரியர்களை அனுப்பச் சட்டமே இடம் தந்திருக்கிறது.

இதைக் கண்ட பெற்றோர் பிள்ளையை நகரத்து ஆங்கிலவழிப் பள்ளியின் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். வாப்பா வளைகுடாவில் உழைத்து அனுப்பும் பணம் இருக்கும் வீடுகளில் இது சற்று எளிது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் 70 பேர் படித்த பள்ளியில் 10 பேர் வேனேறினால் மூன்றாம் ஆசிரியருக்கான உரிமை போய்விடுகிறது; ஆசிரியர் குறைந்தாரென்று இன்னும் பத்துப் பேர் வேனேறுகிறார்கள். அதே சட்டம் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அதற்கான செலவை அரசே ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. ஏழைக்கு அது நல்வாய்ப்பு என்பதை மறுக்க இயலாது. என்றாலும் அரசு தன் பள்ளியைத் தானே காலி செய்யக் கூலி கொடுப்பது போலவும் தோன்றுகிறது. எஞ்சி நிற்பவர்கள் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளும், வேன் கட்டணம் தம்பிக்கு மட்டும் போதும் என்று விடப்பட்ட பெண்பிள்ளைகளும்தாம்.

அந்தப் பெண்பிள்ளையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சட்டம் அவளுக்கு 14 வயதுவரைதான் துணை நிற்கிறது. 9ஆம் வகுப்பு வேறு ஊரில் என்றால், பேருந்துப் பயணம் இலவசமாயினும் பள்ளி நேரத்திற்குப் பேருந்து வர வேண்டுமே! தமிழக அரசின் இலவச மிதிவண்டியோ 11ஆம் வகுப்பிலேதான் என்று ஏற்பட்டது. தூரம் 9ஆம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. "வயசுக்கு வந்த புள்ளைய அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது?" என்ற ஒரு கேள்வியில் படிப்பு நின்றுபோன வீடுகள் நம் மஹல்லாக்களில் ஒன்றிரண்டல்ல. இது பெரும் கைசேதம்.

சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகை 2022இல் 9, 10ஆம் வகுப்புகளோடு சுருக்கப்பட்டது. எட்டாம் வகுப்புவரை கல்வி இலவசம்தானே என்பது சொல்லப்பட்ட காரணம். சீருடைக்கும் செருப்புக்கும் அந்தப் பணத்தை நம்பியிருந்த உம்மாமார்களுக்கு இந்தக் காரணம் விளங்காது. மறுபுறம், 6 முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் அதே 2022இல் தமிழகத்தில் தொடங்கியது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றும்போது இவ்விரண்டையும் இழக்கிறோம் என்பதை எத்தனை பெற்றோர் அறிந்திருக்கிறார்கள்?

நம் கையில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பும் அதனுடையதே. ஆசிரியர் காலியிடம் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாதென்ற விதியையும் அங்கே எடுத்துக்காட்டலாம். கணவர் அயல்நாட்டில் இருக்க, குடும்பத்தையே நிர்வகிக்கும் நம் சகோதரிகளுக்கு இந்தக் குழு பெரிய காரியமல்ல. குழு அமைக்கும் கூட்டத்தின் தேதியை ஜுமுஆவிற்குப் பின் ஒரு முறை அறிவித்தால் போதும்; ஜமாஅத்திற்கு அதில் காசு செலவில்லை. மக்தபு விடும் நேரத்தையும் அப்படியே கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்: பள்ளியில் காலை உணவு பரிமாறி முடித்த பிறகே நம் பிள்ளைகள் போய்ச் சேரும் ஊர்களும் இருக்கக்கூடும்.