சோதனை (கிறித்தவம்)

கிறித்தவ சமயத்தில் சோதனை என்பது மனிதரைப் பாவம் செய்யத் தூண்டும் நிலையைக் குறிக்கும். சோதனைக்கு உள்ளாவது பாவமன்று, அதற்கு மனம் இசைவதே பாவம் என்பது பெரும்பாலான திருச்சபைகளின் போதனை ஆகும். அதனை வெல்வதற்கு மனித முயற்சி மட்டும் போதாது, இறையருளை நம்பிச் சார்ந்திருத்தல் வேண்டும் என்றும் அவை கற்பிக்கின்றன.

சொற்பொருள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு வழங்கும் சொல், தீமைக்குத் தூண்டுதல், உறுதியைச் சோதித்தறிதல் ஆகிய இரு பொருள்களையும் தரும். தமிழிலும் சோதனை என்னும் சொல் அவ்வாறே வழங்குகின்றது. இதனால், கடவுள் ஆபிரகாமைச் சோதித்தார் என்பதும் (தொடக்கநூல் 22:1), கடவுள் எவரையும் சோதிப்பதில்லை என்பதும் (யாக்கோபு 1:13) முரண்படுவதாகத் தோன்றலாம். முன்னது நம்பிக்கையின் உறுதியை அறிதல், பின்னது தீமைக்குத் தூண்டுதல் என விளக்குவர்.

விவிலியத்தில்

இயேசு பாலைநிலத்தில் 40 நாள் நோன்பிருந்தபின் அலகையால் மூன்று முறை சோதிக்கப்பட்டதை மத்தேயு, லூக்கா நற்செய்திகள் கூறுகின்றன. மூன்று முறையும் அவர் இணைச்சட்ட நூலின் வசனங்களைக் கொண்டே விடையளித்தார். தவக்காலத்தின் 40 நாட்கள் இந்நோன்பை நினைவூட்டுவன. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சோதனை வராது, தப்பும் வழியும் உண்டு என்பது பவுலின் கருத்து (1 கொரிந்தியர் 10:13).

அருளும் முயற்சியும்

மனிதர் தம் விருப்பாற்றலாலேயே பாவத்தைத் தவிர்க்க இயலும் எனப் பெலாஜியுசு கற்பித்தார். அருளின்றி அது இயலாது என அகுஸ்தீன் மறுத்தார். 418 இல் கூடிய கார்த்தேசுச் சங்கம் பெலாஜியுசின் கொள்கையைக் கண்டித்தது. கத்தோலிக்கர் இறைவேண்டல், நோன்பு ஆகியவற்றுடன் ஒப்புரவு அருட்சாதனத்தையும், சீர்திருத்தத் திருச்சபையினர் மறைநூல் வாசிப்பையும் தனிச் செபத்தையும் சிறப்பாக வலியுறுத்துவர்.

தமிழகத்தில்

இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசிப் பகுதியில், தாமஸ் ராக்லண்ட் உள்ளிட்ட ஆங்கிலிக்க மிசனரிகள் 1854 முதல் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சென்று போதித்தனர். பாவமன்னிப்பு நற்செயல்களால் ஈட்டப்படுவதன்று, நம்பிக்கையால் பெறப்படுவது என்பது அவர்கள் சார்ந்த மரபின் அடிப்படைக் கொள்கை ஆகும். ராக்லண்ட் 1858 இல் சிவகாசியில் இறந்தார். அருகிலுள்ள சாட்சியாபுரம் பின்னர் இப்பணியின் மையமாக விளங்கியது.

அதே 1858 ஆம் ஆண்டில் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), ஜான் பனியன் 1678 இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையைத் தழுவி, இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றினார். அது 1894 இல் வெளிவந்தது. பனியனின் கதையில் பயணியின் பாவச்சுமை சிலுவையடியில் தானே கழன்று விழுகின்றது. ஆயினும் கடும் போராட்டங்கள் அதன் பின்னரே வருகின்றன. நம்பிக்கை சோதனையை ஒழிப்பதில்லை, அதனை எதிர்கொள்ளும் வலிமையைத் தருகின்றது என்பதே இதன் பொருள்.

போதைப் பழக்கமும் நம்பிக்கையும்

குடிப்பழக்கம் நீண்டகாலம் பாவமாக மட்டுமே கருதப்பட்டது. இன்று மருத்துவம் மது அடிமைநிலையை நோயாக வகைப்படுத்துகின்றது. 1935 இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம், தன் ஆற்றலின்மையை ஒப்புக்கொண்டு தன்னிலும் மேலான ஆற்றலைச் சார்தல் என்னும் கருத்தைக் கிறித்தவக் குழு ஒன்றிடமிருந்து பெற்று, எச்சமயத்தவரும் ஏற்கத்தக்க வடிவில் அமைத்தது. நீண்டநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு முதலிய ஆபத்துகள் நேரலாம். ஆதலால் இறைநம்பிக்கை மனவுறுதிக்குத் துணையாகுமேயன்றி, மருத்துவத்துக்கு மாற்றாகாது.