விரால் மீனும் விஞ்ஞானமும்

மதுரைக்குத் தென்மேற்கே திருநகரைச் சூழ்ந்த சமவெளியில், மழைக்காலம் முடிந்து சில மாதங்கள் சென்றதும், தென்கால் கண்மாயிலும் நிலையூர்க் கண்மாயிலும் நீர் வற்றிக் குறைவது நம்மவர் யாவரும் அறிந்ததே. அக்கலங்கல் நீரில் விரால் மீன் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கி மறைவதைக் கண்டவரும் பலர். அது ஏன் என்றும், அதனால் அம்மீனுக்கு உண்டாகும் செலவு என்ன என்றும் கேட்டவர் மிகச் சிலரே. அவ்விதம் கேட்டு, விடை கண்டு, உலகுக்கு எடுத்துரைத்த தமிழர் ஒருவரைப் பற்றி இன்று எழுதுவது நமது கடமையாகும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராயிருந்த டி. ஜெ. பாண்டியன் அவர்களே அவர்.

1939-ல் பிறந்த இவர், விராலும் மற்றொரு மீனும் உண்ணும் உணவு எவ்வளவு, அதில் உடலிற் சேர்வது எவ்வளவு என்று அளந்து கண்ட முடிவுகள் 1967-ல் ‘மரைன் பயாலஜி’ என்னும் சர்வதேசப் பத்திரிகையின் முதல் தொகுதியிலேயே வெளியாயின. ஜெர்மனியின் ஹெல்கோலாந்துத் தீவிலும் அவர் ஆராய்ச்சி செய்தார். அவருடைய சாஸ்திரத்தைக் குடும்பக் கணக்கு என்றே கூறலாம். உண்ணும் உணவு வரவு. மூச்சுக்கும் அசைவுக்கும் போவது செலவு. கழிவாய் வெளியேறுவது நஷ்டம். இவையெல்லாம் போக எஞ்சுவதே வளர்ச்சி.

இக்கணக்கை விராலுக்கு இட்டுப் பார்த்தபோது ஓர் அரிய உண்மை புலப்பட்டது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது; தலையினுள் அமைந்த காற்றறையை நிரப்ப அது மேலே வந்தே தீரவேண்டும்; வரவிடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி மடியும். அவரும் அவருடைய மாணாக்கரும் 1976, 1977-ஆம் ஆண்டுகளில் பிரசுரித்த கட்டுரைகள் இதனை விளக்குகின்றன. ஆழம் வெவ்வேறான தொட்டிகளில் விரால் குஞ்சுகளை விட்டு, அவை மேலே வரும் தடவைகளை எண்ணினர். ஆழம் மிகுந்த நீரில் வாழ்ந்த மீன் காற்றுக்காகவே நெடுந்தூரம் நீந்தியது, உண்டதில் பெரும்பகுதி அதிலேயே கரைந்தது, வளர்ச்சி குறைந்தது. ஆழமற்ற நீரிலோ, அதே உணவு உடலாயிற்று.

மீன் மூச்சு விடுவதை எண்ணுவதும் ஒரு வித்தையா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆழமில்லை என்று நாம் இகழ்ந்து ஒதுக்கும் சிறு குட்டைகளே விரால் வளர்ப்புக்கு ஏற்றவை என்பது இவ்வாராய்ச்சி ஏழைக் குடியானவனுக்குக் கூறும் செய்தி. அதை அறிந்தபின் யார் நகைப்பார்?

அவர் இத்துடன் நிற்கவில்லை. 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, அதாவது நம் சந்தைகளில் ஜிலேபிக் கெண்டை எனப்படும் மீன், அளவின்றிப் பெருகி, எண்ணிக்கை மிகுந்து, உருவம் சிறுத்துப்போகும் இயல்புடையது. குளத்தில் ஆண் மீன்களே இருந்தால் இத்தொல்லை இராது. ஆண் குஞ்சுகளையே பிறப்பிக்கவல்ல தந்தை மீனை உண்டாக்கிய முறையை அவரும் ஒரு மாணாக்கரும் 1989-ல் வெளியிட்டனர். 2004-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இன்னும் வியக்கத்தக்கது. உறைய வைத்திருந்த இறந்த மீனின் விந்தை எடுத்து, வேறோர் இனத்தின் முட்டையில், அம்முட்டையின் சொந்த மரபுக்கூறுகளைக் கதிர்களால் செயலறச் செய்தபின் செலுத்தி, இறந்த மீனின் இனத்தையே மீண்டும் உயிருடன் பெற்றனர்!

உலகம் இவரை மதிக்கத் தவறவில்லை. 1984-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு கிடைத்தது. பிராணிகளின் சக்திக் கணக்கைப் பற்றி வெர்ன்பெர்க் என்பவருடன் சேர்ந்து அவர் பதிப்பித்த இரு தொகுதிகள் 1987-ல் வெளிவந்தன. மீன்களின் பால் நிர்ணயத்தைப் பற்றி முதிய வயதில் அவர் எழுதிய நூல்கள் பல.

ஆனால் நாம் அவரை எவ்வளவு அறிவோம்? இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், மேல்நாட்டுப் பத்திரிகைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. கண்மாயின் மீன்பாசியை ஏலம் எடுப்பவன் அவற்றை எங்ஙனம் படிப்பான்? நமது மண்ணின் மீனை ஆராய்ந்து கண்ட அறிவு, நமது மக்களின் மொழியில் அவர்கள் கையை எட்டாதவரையில், அது பிறர் வீட்டுப் பெட்டியில் பூட்டிய நம் நகையே அன்றோ? பல்கலைக்கழகங்களும் மீன்வளத் துறையாரும் இதனை எளிய தமிழில் ஊர்தோறும் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்னொன்றும் கூற வேண்டும். மதுரை நகருக்குள் தல்லாகுளம் என்னும் பெயர் இருக்கிறது. குளம் இருந்த இடத்தில் கட்டிடங்கள் நிற்கின்றன. எஞ்சிய கண்மாய்களிலும் சாக்கடையும் ஆக்கிரமிப்பும் புகுவதைக் கண்டு வாளாவிருக்கிறோம். இறந்த மீனின் இனத்தை மீட்க விஞ்ஞானி வழி கண்டுவிட்டார். மீட்ட மீனை விடுவதற்கு நீர் வேண்டுமே! அதை விஞ்ஞானி தர இயலாது, ஊரார்தாம் தரவேண்டும். கரையை உயர்த்தி, வரத்துக்காலைத் தூர்வாரி, கழிவை விலக்கி நம் கண்மாயைக் காப்போமாக. அதுவே இப்பேராசிரியருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை.